அறுபத்தோராவது அலகு: வாடகை அறை மாணவர்களும் மின்பட்டியலும்

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படித்தபோது ஐந்து பேர் சேர்ந்து ஒரு வீட்டின் பின்பகுதியை வாடகைக்கு எடுத்திருந்தோம். மாத முடிவில் வீட்டுக்கார அன்ரி பின்கதவடியில் வந்து நின்று, "பிள்ளையள், இந்த முறை கரண்ட் பில் கூடிப் போச்சு" என்பார். பட்டியலை அவர் காட்டியதில்லை. நாங்களும் கேட்டதில்லை. சொன்ன தொகையை ஐந்தால் பிரித்துக் கொடுத்துவிடுவோம். பிறகுதான் எங்களுக்குள் சண்டை தொடங்கும். ஒருவர் விடிய விடிய மின்விசிறி போட்டுப் படுக்கிறார். இன்னொருவர் வெள்ளிக்கிழமை ஊருக்குப் போனால் திங்கட்கிழமைதான் வருகிறார். மூன்றாமவர் ஒரு நாளைக்கு ஐந்து தரம் தேத்தண்ணீருக்குக் கேத்தல் போடுகிறார். அந்தச் சண்டையில் ஒருவர் அறையை விட்டே போனார்.

அவர் போன மாதமும் பில் பெரிதாகக் குறையவில்லை. பிரச்சினை அவருடைய மின்விசிறியில் இருக்கவில்லை. வீட்டுக்காரக் குடும்பமும் நாங்களும் ஒரே மீற்றரில் இருந்தோம். அந்த மீற்றர் கட்டணப் பட்டியலின் மேற்படியில் நின்றது. இது எங்கள் ஐந்து பேரில் ஒருவருக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு மின்கட்டணம் பல தடவை மாறிவிட்டது. 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் கூடியது. 2024 மார்ச்சிலும் ஜூலையிலும், 2025 ஜனவரியிலும் குறைந்தது. 2025 ஜூனில் மீண்டும் 15 சதவீதம் கூடியது. மகாபொலப் புலமைப்பரிசில் 2025 ஏப்ரலில் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ரூபாயாக உயர்ந்தது. வாடகை, சாப்பாடு, போட்டோகொப்பி, பஸ் எல்லாவற்றுக்கும் அதை நம்பியிருக்கும் மாணவருக்கு, மின்பட்டியலில் கூடும் ஐந்நூறு ரூபாயும் பெரிய தொகைதான்.

விடுதியில் இருப்பவருக்கு இந்தக் கவலை இல்லை. விடுதி கிடைக்காமல் திருநெல்வேலியிலோ கொக்குவிலிலோ, வந்தாறுமூலையிலோ, பேராதனையிலோ, மொறட்டுவையிலோ அறை எடுத்திருப்பவர்களுக்கானது இந்தக் கட்டுரை.

படிக்கட்டுக் கணக்கு

வீட்டுப் பாவனைக்கான மின்கட்டணத்தை இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அங்கீகரிக்கிறது. மின்சார சபையின் இணைப்பாக இருந்தாலும், கொழும்பைச் சூழ்ந்த பகுதிகளில் உள்ள லெக்கோ இணைப்பாக இருந்தாலும் கட்டணம் ஒன்றுதான். கீழே உள்ளது 2025 ஜூன் 12 முதல் நடைமுறைக்கு வந்த பட்டியல். விலை மாறும்போது புதிய விலையை இதே கணக்கில் போட்டுக்கொள்ளலாம்.

மாதப் பாவனை 60 அலகு அல்லது அதற்குக் குறைவு என்றால்:
- முதல் 30 அலகு: அலகு ஒன்றுக்கு 4.50 ரூபாய். பாவனை 30க்குள் நின்றால் நிலையான கட்டணம் 80 ரூபாய்.
- 31 முதல் 60 வரை: அலகு ஒன்றுக்கு 8 ரூபாய். நிலையான கட்டணம் 210 ரூபாய்.

மாதப் பாவனை 60 அலகைத் தாண்டினால்:
- முதல் 60 அலகு: அலகு ஒன்றுக்கு 12.75 ரூபாய்.
- 61 முதல் 90 வரை: 18.50 ரூபாய். நிலையான கட்டணம் 400 ரூபாய்.
- 91 முதல் 120 வரை: 24 ரூபாய். நிலையான கட்டணம் 1,000 ரூபாய்.
- 121 முதல் 180 வரை: 41 ரூபாய். நிலையான கட்டணம் 1,500 ரூபாய்.
- 180க்கு மேல்: 61 ரூபாய். நிலையான கட்டணம் 2,100 ரூபாய்.

நிலையான கட்டணங்களை ஒன்றோடொன்று கூட்டுவதில்லை. பாவனை எந்தப் படியில் முடிகிறதோ அந்தப் படிக்குரியது மட்டுமே சேரும். மொத்தத்தின் மேல் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரியாகச் சுமார் 2.5 சதவீதம் வரும். கணக்கு எளிதாக இருக்க, கீழுள்ள உதாரணங்களில் அந்த வரியைச் சேர்க்கவில்லை.

இந்தப் பட்டியலில் முதலில் கவனிக்க வேண்டிய இடம் 60க்கும் 61க்கும் இடையில் இருக்கிறது. 60 அலகு பாவித்தால் பில் 585 ரூபாய். 61 அலகு பாவித்தால் 1,183 ரூபாய் 50 சதம். அந்த ஓர் அலகின் விலை ஏறத்தாழ 600 ரூபாய். ஏனென்றால் 60ஐத் தாண்டிய உடனே, ஏற்கெனவே பாவித்த முதல் அறுபது அலகுகளுக்கும் விலை மாறிவிடுகிறது. நிலையான கட்டணமும் 210இலிருந்து 400 ஆகிறது.

மற்றப் படிகளிலும் இதே பாய்ச்சல் உண்டு. 90 அலகுக்கு 1,720 ரூபாய், 91க்கு 2,344 ரூபாய். 120க்கு 3,040 ரூபாய், 121க்கு 3,581 ரூபாய். 180க்கு 6,000 ரூபாய், 181க்கு 6,661 ரூபாய்.

ஆகவே "கரண்டை மிச்சம் பிடியுங்கோ" என்ற பொதுவான அறிவுரையால் பெரிய பயன் இல்லை. உங்கள் மீற்றர் எந்த எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிறது என்பதைத்தான் முதலில் அறிய வேண்டும். மாதம் 75 அலகு பாவிக்கும் மூன்று மாணவர்களின் பில் 1,442 ரூபாய் 50 சதம். அவர்கள் 15 அலகைக் குறைத்து 60இல் நின்றால் 585 ரூபாய். மாதம் 857 ரூபாய் மிச்சம். இது 7,500 ரூபாய் மகாபொலப் பணத்தில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு. அதே 15 அலகை 115இலிருந்து 100க்குக் குறைத்தால் மிச்சம் 360 ரூபாய் மட்டுமே.

ஒரு நாளைக்கு இரண்டு

மாதம் முடிந்து பில் வந்த பிறகு கவலைப்பட்டுப் பயனில்லை. நாள் கணக்காகப் பிரித்தால் மனதில் வைத்திருப்பது சுலபம். 60 அலகு என்றால் நாளுக்கு இரண்டு. 90 என்றால் மூன்று, 120 என்றால் நான்கு, 180 என்றால் ஆறு.

இதில் இன்னொரு விடயமும் உண்டு. மீற்றர் வாசிப்பவர் எப்போதும் சரியாக முப்பது நாளில் வருவதில்லை. சில மாதம் 27 நாளில் வருவார், சில மாதம் 33 நாளில் வருவார். இதற்காகப் படிகளின் எல்லையும் நாட்களுக்கேற்பக் கூடிக் குறையும். 33 நாட்களுக்கான பட்டியல் என்றால் 60இன் எல்லை 66 ஆகும். 27 நாட்கள் என்றால் 54 ஆகும். "போன மாதம் 64 அலகு, பில் குறைவு. இந்த மாதம் 58தான், பில் கூட" என்று குழம்புபவர்கள் முதலில் பட்டியலில் உள்ள இரண்டு திகதிகளையும் பார்க்க வேண்டும். நாளுக்கு இரண்டு என்ற கணக்கு எத்தனை நாள் இடைவெளிக்கும் பொருந்தும்.

மீற்றரை வாசிப்பது கடினமில்லை. டிஜிற்றல் மீற்றரில் கிலோவாட் மணி என்ற குறியோடு தெரியும் எண்தான் அலகு. சக்கரம் சுற்றும் பழைய மீற்றரில் சிவப்பு நிறத்தில் இருக்கும் கடைசி இலக்கம் தசமம், அதை விட்டுவிட வேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் ஒரே நேரத்தில் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து அறைக் குழுமத்தில் போட்டுவிடுங்கள். ஒரு கிழமைக்கு 14 அலகுக்கு மேல் ஓடியிருந்தால், 60ஐத் தாண்டப் போகிறீர்கள் என்பது மாத நடுவிலேயே தெரிந்துவிடும்.

ஒரே மீற்றரில் இரண்டு குடும்பம்

மேலே சொன்னது தனி மீற்றர் உள்ள வீட்டுக்கு. பெரும்பாலான மாணவர்களுக்கு அந்த வசதி இல்லை. வீட்டுக்காரர் கீழே, மாணவர்கள் மேலே. அல்லது அவர்கள் முன்னுக்கு, நாங்கள் பின்னுக்கு. மீற்றர் ஒன்றே.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். வீட்டுக்காரக் குடும்பத்தில் நான்கு பேர், அவர்களுடைய பாவனை 110 அலகு. மாடியில் நான்கு மாணவர்கள், அவர்களுடைய பாவனை 70 அலகு. மொத்தம் 180 அலகு, பில் 6,000 ரூபாய். மாணவர்களின் பங்கு எவ்வளவு? எந்தக் கணக்கு என்பதைப் பொறுத்து விடை மாறும்.

- மாணவர்களுக்குத் தனி மீற்றர் இருந்திருந்தால், 70 அலகுக்கு 1,350 ரூபாய்.
- 6,000 ரூபாயை அலகு விகிதப்படி பிரித்தால், 2,333 ரூபாய்.
- ஆளுக்கு ஆள் சமமாகப் பிரித்தால், 3,000 ரூபாய்.
- மாணவர்கள் வந்ததால் வீட்டுக்காரருக்குக் கூடிய தொகை என்று பார்த்தால், 3,200 ரூபாய். அவர்கள் இல்லாவிட்டால் அவருடைய பில் 2,800 ரூபாய்தான்.
- "அலகுக்கு 60 ரூபாய்" என்று வீட்டுக்காரர் ஒரே விலை வைத்தால், 4,200 ரூபாய்.

ஒரே மின்சாரத்துக்கு ஐந்து விலை. ஓர் ஆளின் பங்கு 338 ரூபாயாகவும் இருக்கலாம், 1,050 ரூபாயாகவும் இருக்கலாம்.

இதில் வீட்டுக்காரரின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். மாணவர்கள் வந்ததால் அவருடைய மீற்றர் ஒரு படி ஏறியிருக்கிறது. "நாங்கள் தனியே இருந்தால் 1,350தானே" என்று மாணவர்கள் வாதாடினால், மிச்சம் 1,850 ரூபாயை அவர் தன் கையிலிருந்து கட்ட வேண்டிவரும். மறுபக்கம், 4,200 ரூபாய் வாங்கினால் அவருக்குக் கூடிய செலவையும் தாண்டி 1,000 ரூபாய் இலாபம். என் கணக்கில் நியாயமான இடம் 2,333க்கும் 3,200க்கும் இடையில் இருக்கிறது. அலகு விகிதப்படி பிரிப்பதுதான் இரு தரப்புக்கும் விளங்கப்படுத்த எளிது. மின்சாரம் வாங்கும் விலையே மாதத்துக்கு மாதம் மாறும்போது "அலகுக்கு இவ்வளவு" என்ற நிரந்தர விலைக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். அப்படித்தான் என்றால், அந்த விலை எந்த மொத்தப் பாவனையை வைத்துப் போடப்பட்டது என்றாவது கேளுங்கள்.

அலகு விகிதத்தில் பிரிக்க, மாணவர் பகுதியின் பாவனை தனியாகத் தெரிய வேண்டும். அதற்குத்தான் சப் மீற்றர். மாணவர் பகுதிக்குப் போகும் வயரில் பூட்டும் சிறிய மானி இது. மின்பொருள் கடைகளில் கிடைக்கும். தகுதியான மின்வேலையாளரைக் கொண்டே பூட்ட வேண்டும். செலவை வீட்டுக்காரரும் மாணவர்களும் பாதிப் பாதியாகப் போட்டால், வருடக்கணக்கில் வரும் சந்தேகமும் மனக்கசப்பும் மிச்சம்.

வீடு தேடும்போதே தனி மீற்றர் உள்ள அனெக்ஸா என்று கேளுங்கள். மேலே உள்ள உதாரணத்தில் அலகு விகிதப்படி கொடுக்கும் 2,333க்கும் தனி மீற்றரில் வரும் 1,350க்கும் வித்தியாசம் 983 ரூபாய். தனி மீற்றர் உள்ள இடத்துக்கு வாடகை ஆளுக்கு 200 ரூபாய் கூட என்றாலும் நான்கு பேருக்கும் அது இலாபம்தான்.

அறைக்குள் பிரிப்பது

வீட்டுக்காரரோடு கணக்கு முடிந்த பிறகு அறைத்தோழர்களுக்கிடையிலான கணக்கு மிச்சம் இருக்கிறது. சமமாகப் பிரிப்பது எளிது. எல்லோரும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருந்தால் அதுவே போதும். ஒருவர் அடிக்கடி ஊருக்குப் போகிறவர் என்றால் இப்படிச் செய்யலாம்: நிலையான கட்டணத்தைச் சமமாகப் பிரித்துவிட்டு, மிச்சத்தை ஆட்கள் நின்ற நாட்களின்படி பிரிப்பது.

மூன்று பேர், பில் 1,442 ரூபாய் 50 சதம் என்று வைப்போம். நிலையான கட்டணம் 400 ரூபாய், ஆளுக்கு 133. மிச்சம் 1,042 ரூபாய் 50 சதம். இருவர் 30 நாளும் நின்றார்கள், ஒருவர் 20 நாள். மொத்தம் 80 ஆள்நாட்கள், ஒரு நாளுக்குச் சுமார் 13 ரூபாய். இருவருக்கு ஆளுக்கு 524 ரூபாய், மூன்றாமவருக்கு 394 ரூபாய். வித்தியாசம் 130 ரூபாய்தான். ஆனால் "நான் இல்லாத நாளுக்கும் நானா கட்டுறது?" என்ற கேள்வி எழாது.

புதிதாக ஒரு பெரிய பொருள் வீட்டுக்குள் வரும்போது மட்டும் சராசரி விலையில் கணக்குப் பார்க்கக் கூடாது. 60 அலகில் நிற்கும் வீட்டுக்கு ஒருவர் பழைய பிரிஜ் ஒன்றைக் கொண்டுவருகிறார். அது மாதம் 30 அலகு எடுத்தால் பாவனை 90 ஆகும். பில் 585இலிருந்து 1,720க்குப் போகும். அந்தப் பிரிஜ்ஜின் மாதச் செலவு 1,135 ரூபாய். எல்லோரும் பாவிப்பதென்றால் எல்லோரும் சேர்ந்து அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒருவர் மட்டும் பாவிப்பதென்றால் பொருள் வரும் முன்னரே பேசி முடிக்க வேண்டும்.

எது எவ்வளவு தின்னும்

கணக்கு ஒன்றே ஒன்று. பொருளின் பின்புறத்தில் எழுதியிருக்கும் வாட்ஸ் அளவை மணித்தியாலத்தால் பெருக்கி 1,000 ஆல் வகுத்தால் அலகு வரும். மாணவர் அறைகளில் வழக்கமாக உள்ளவற்றுக்கு இது அண்ணளவான கணக்கு:

- 9 வாட்ஸ் எல்இடி மின்குமிழ், நாளுக்கு 6 மணி: மாதம் ஒன்றரை அலகு.
- 75 வாட்ஸ் சீலிங் ஃபான், நாளுக்கு 8 மணி: மாதம் 18 அலகு.
- 50 வாட்ஸ் ஸ்ராண்ட் ஃபான், நாளுக்கு 8 மணி: மாதம் 12 அலகு.
- மடிக்கணினி, 50 வாட்ஸ், நாளுக்கு 5 மணி: மாதம் ஏழரை அலகு.
- கைப்பேசியை ஒவ்வொரு நாளும் சார்ஜ் பண்ணுவது: மாதம் ஓர் அலகுக்கும் குறைவு.
- 700 வாட்ஸ் ரைஸ் குக்கரில் ஒரு தரம் சோறு: ஓர் அலகில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. தினமும் ஒரு தரம் என்றால் மாதம் 9 அலகு.
- கேத்தலில் ஒரு லீற்றர் தண்ணீர் கொதிக்க வைப்பது: ஓர் அலகில் பத்தில் ஒரு பங்கு. நாளுக்கு நான்கு தரம் என்றால் மாதம் 12 அலகு.
- ஒரு குதிரைவலுக் கிணற்று மோட்டர், நாளுக்கு 20 நிமிடம்: மாதம் 10 அலகு.
- குளியலறையில் உடனடியாகச் சுடவைக்கும் 3,500 வாட்ஸ் ஹீற்றர், நாளுக்கு 10 நிமிடம்: ஓர் ஆளுக்கு மாதம் 17 அலகு.

பட்டியலைப் பார்த்தால் சண்டை பிடிக்க வேண்டிய இடமும் விட்டுவிட வேண்டிய இடமும் தெரியும். சார்ஜரை யார் கழற்றவில்லை என்று தேடிக்கொண்டிருப்பதில் பயன் இல்லை. பெரிய செலவு மூன்று இடத்தில் இருக்கிறது: சூடாக்குவது, குளிராக்குவது, நீண்ட நேரம் ஓடுவது.

சூடாக்குவதில் முதலிடம் ஹீற்றருக்கு. பேராதனை, பதுளை, பெலிஹுல்ஓயா போன்ற குளிரான இடங்களில் நான்கு பேர் அதில் தினமும் பத்து நிமிடம் குளித்தால் மாதம் 70 அலகு. அதுவே ஒரு வீட்டின் முழுப் பாவனைக்குச் சமம். பத்து நிமிடத்தை ஐந்து நிமிடமாக்கினால் 35 அலகு குறையும். அறையில் வேறு எதைச் செய்தாலும் இந்த அளவு குறையாது.

கேத்தலில் ஒரு கோப்பைத் தேத்தண்ணீருக்கு ஒரு கோப்பைத் தண்ணீர் போதும். முழுக் கேத்தலையும் கொதிக்க வைத்து மிச்சத்தை ஆறவிட்டு, பிறகு மறுபடி கொதிக்க வைப்பதுதான் வழக்கமான வீண்செலவு. நான்கு பேரும் ஒரே நேரத்தில் தேத்தண்ணீர் குடித்தால், அல்லது மிச்ச வெந்நீரைச் சுடுதண்ணீர்ப் போத்தலில் ஊற்றி வைத்தால் பாதியாகக் குறையும். ரைஸ் குக்கரில் சோறு வெந்த பிறகு "வார்ம்" நிலையில் இரவுவரை விடுவதும் அப்படித்தான். பொருளைப் பொறுத்து, சமைக்க எடுத்த அளவு மின்சாரத்தை அது சூடு பிடித்து வைப்பதற்கும் எடுத்துவிடலாம். வெந்ததும் பிளக்கைக் கழற்றுங்கள். அயன் பண்ணுவதைக் கிழமைக்கு ஒரு தரம் சேர்த்துச் செய்தால், ஒவ்வொரு நாளும் பெட்டியைப் புதிதாகச் சூடாக்கும் செலவு இல்லை.

மின்விசிறி இல்லாமல் யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஏப்ரல், மே மாதங்களில் படிக்க முடியாது. அதை நிற்பாட்டச் சொல்வது நடக்கிற காரியமில்லை. ஆளில்லாத அறையில் ஓடுவதை நிற்பாட்டலாம். பகலில் இரண்டு அறையில் தனித்தனியே இருப்பதை விட்டு ஓர் அறையில் சேர்ந்திருந்து படிக்கலாம். 75 வாட்ஸ் மின்விசிறியை நாளுக்கு ஏழு மணித்தியாலம் குறைவாக ஓடவிட்டால் அரை அலகு மிச்சம், மாதத்துக்கு 15 அலகு. மேலே சொன்ன 75இலிருந்து 60க்கு இறங்கும் கணக்கு அதோடு சரி.

அறையில் பழைய 60 வாட்ஸ் குண்டு மின்குமிழ் இருந்தால் உடனே மாற்றுங்கள். நாளுக்கு ஐந்து மணி எரிந்தால் அது மாதம் 9 அலகு, எல்இடிக்கு ஒன்றரை அலகுகூட வராது. உங்கள் காசில் வாங்கிப் பூட்டினால் வீடு மாறும்போது கழற்றிக்கொண்டு போகலாம்.

ஒரு தவறான நம்பிக்கையும் உண்டு. "இரவு பத்தரைக்குப் பிறகு கரண்ட் மலிவு, அப்ப அயன் பண்ணுவம்" என்பார்கள். நேரத்துக்கு நேரம் விலை மாறும் கட்டணமுறை தனியானது. மேலே சொன்ன படிக்கட்டு முறையில் உள்ள சாதாரண வீட்டு இணைப்பில் பகலும் இரவும் ஒரே விலைதான். நித்திரையைக் கெடுத்து அயன் பண்ணத் தேவையில்லை.

காஸா, கரண்டா?

சமைப்பவர்களிடம் எப்போதும் இருக்கும் கேள்வி இது. இதற்கும் விடை மீற்றர் நிற்கும் படியில்தான் இருக்கிறது.

2025இல் 12.5 கிலோ லிற்றோ சிலிண்டரின் கொழும்பு விலை 3,690 ரூபாய். மற்ற மாவட்டங்களில் போக்குவரத்துச் செலவால் இதைவிடக் கூடும். அந்தச் சிலிண்டரில் உள்ள வெப்பம் சுமார் 160 அலகு மின்சாரத்துக்குச் சமம். ஆனால் அடுப்பில் எரியும் வெப்பத்தில் ஏறத்தாழ பாதிதான் பாத்திரத்துக்குள் போகிறது. ஆகவே பயன்படும் வெப்பம் 80 அலகு, அலகு ஒன்றுக்கு 46 ரூபாய். ரைஸ் குக்கரும் கேத்தலும் எடுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சோற்றுக்கும் தண்ணீருக்கும் கொடுத்துவிடும். அந்த வீணையும் சேர்த்துப் பார்த்தால், மின்சாரம் அலகுக்கு 40 ரூபாய் அளவில் இருக்கும்போது இரண்டும் சமம்.

அதாவது, உங்கள் மீற்றர் 120 அலகுக்குள் நிற்கிறதென்றால் கடைசி அலகின் விலை 24 ரூபாய் அல்லது அதற்கும் குறைவு. சோறும் வெந்நீரும் மின்சாரத்தில் செய்வது மலிவு. 121 முதல் 180 வரை என்றால் இரண்டும் ஏறத்தாழ ஒன்று. 180ஐத் தாண்டிய வீட்டில் அலகு 61 ரூபாய், அங்கே காஸ்தான் மலிவு. எல்லைக்குக் கிட்ட நிற்கும் வீடு மட்டும் கவனமாக இருக்க வேண்டும். மாதக் கடைசியில் 58 அலகில் நிற்கிறீர்கள், இன்னும் நான்கு நாள் இருக்கிறதென்றால், அந்த நான்கு நாளும் காஸில் சமைப்பது புத்தி.

சிலிண்டரைப் படுக்கும் அறைக்குள் வைக்க வேண்டாம். காற்றோட்டம் உள்ள இடத்தில் நிமிர்த்தி வைத்து, குழாயையும் ரெகுலேற்றரையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2021இன் கடைசி மாதங்களில் நாடெங்கும் நடந்த எரிவாயு வெடிப்புகளை மறந்துவிடக் கூடாது. அதேபோல் ஹீற்றர், கேத்தல், ரைஸ் குக்கர் மூன்றையும் ஒரே எக்ஸ்ரென்சன் வயரில் பூட்டவும் வேண்டாம்.

வீட்டுக்குள் போகும்போதும் வெளியேறும்போதும்

சாமான் இறக்கும் நாளன்றே மீற்றரைத் திகதியோடு படமெடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள். முந்திய பட்டியலில் நிலுவை இருக்கிறதா என்று பாருங்கள். முன்னர் இருந்தவர்கள் கட்டாமல் விட்ட தொகை உங்கள் முதல் மாதப் பில்லோடு சேர்ந்து வரக் கூடாது. கிணற்று மோட்டர், வெளி விளக்கு, வீட்டுக்காரரின் பிரிஜ் ஆகியவை எந்த மீற்றரில் ஓடுகின்றன என்று கேளுங்கள். சந்தேகம் என்றால் உங்கள் பகுதியின் எல்லாச் சுவிட்சையும் நிற்பாட்டிவிட்டு சப் மீற்றரைப் பாருங்கள். அப்போதும் அது ஓடினால், உங்களுடையதல்லாத ஏதோ ஒன்று அதில் இருக்கிறது.

பேசிய விடயங்களை ஒரு தாளிலோ குறுஞ்செய்தியிலோ எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எப்படிப் பிரிப்பது, எந்தத் திகதியில் கட்டுவது, பட்டியலின் படத்தை மாதாமாதம் அனுப்புவது, விடுமுறை மாதத்தில் என்ன செய்வது என்ற நான்கும் இருந்தால் போதும். நீண்ட விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பிரிஜ்ஜைக் காலியாக்கிப் பிளக்கைக் கழற்றிவிட்டுப் போங்கள். வீடு பூட்டியிருந்து மீற்றர் வாசிப்பவரால் உள்ளே போக முடியாவிட்டால் பட்டியல் மதிப்பீட்டில் வரலாம். திரும்பி வந்ததும் பட்டியலில் உள்ள எண்ணையும் மீற்றரில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் மின்சார சபையின் 1987 இலக்கத்துக்கும், லெக்கோ பகுதியென்றால் 1910 இலக்கத்துக்கும் சொல்லலாம். கணக்கு இலக்கத்தையும் மீற்றர் படத்தையும் கையில் வைத்திருங்கள்.

வெளியேறும் நாளிலும் ஒரு படம் எடுங்கள். வைப்புப் பணத்தில் கழிக்கப்படும் தொகைக்கு அதுதான் சாட்சி.

இவ்வளவும் செய்ய, முதலில் பட்டியலைக் கண்ணால் காண வேண்டும். அதைக் கேட்பதற்குத்தான் எங்களில் பலருக்குக் கூச்சம். வீட்டுக்காரரைச் சந்தேகப்படுவதுபோல் ஆகிவிடுமோ என்று நினைப்போம். நாங்கள் ஐந்து பேரும் ஒரு வருடம் முழுக்க அப்படியே நினைத்தோம். "அன்ரி, எத்தினை யூனிற் ஓடியிருக்கு எண்டு பாத்தா நாங்களும் குறைக்கலாம், பில்லை ஒருக்காக் காட்டுறீங்களோ?" என்று கேட்டிருந்தால் அவரும் காட்டியிருப்பார் என்றே இப்போது தோன்றுகிறது. மாதம் எத்தனை ரூபாய் குறைந்திருக்குமோ தெரியாது. அறையை விட்டுப் போன நண்பர் போயிருக்க மாட்டார்.